ஈறு நோய்க்கு எந்த எண்?
ஒரு குறியீட்டு நூலைப் பற்றிய திறனாய்வு

பல் மருத்துவர் ஒருவர் ஒரே கருவியைக் கொண்டு இருவருடைய பற்களில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே நேரந்தான் பிடிக்கிறது. வேலை முடிந்து பட்டியல் எழுதும்போது ஒருவருக்கு ‘டி 1110’ என்றும், மற்றவருக்கு ‘டி 4910’ என்றும் எழுதுகிறார். முன்னவருக்கான தொகை முழுவதையும் காப்பீட்டுக் கழகம் கொடுத்துவிடுகிறது. பின்னவரோ ஒரு பகுதியைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. வேலை ஒன்று, எண் இரண்டு. இஃது எப்படி?

இது அமெரிக்க நாட்டுச் சங்கதி, நமக்கேன் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்நாட்டு மருத்துவப் பட்டியல்களுக்கு எண் இடும் வேலையில் ஒரு பெரும்பகுதி இன்று சென்னை, கோவை, திருச்சி ஆகிய நகரங்களில் நடைபெறுகிறது. எங்கள் நேமத்தான்பட்டியிலிருந்தும் காரைக்குடிப் பக்கத்துப் பிற ஊர்களிலிருந்தும் இயற்பியல், வேதியியல், விலங்கியல் பட்டம் பெற்ற இளைஞர்கள் சில மாதப் பயிற்சி முடித்து இவ்வேலைக்குச் செல்கின்றனர். விடுமுறைக்கு வரும் என் பழைய மாணவர்கள் எண்களை வாய்ப்பாடு போல் ஒப்பிக்கின்றனர். “ஏன் அந்த எண்?” என்று கேட்டால் “விதி அப்படித்தான், சார்” என்கின்றனர். அந்த விதியை நாம் சற்று உரசிப் பார்ப்போம்.

இவ்வெண்கள் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிடும் குறியீட்டு நூலில் உள்ளவை. முதன்முதலாக 1969ஆம் ஆண்டில் வெளிவந்த இத்தொகுப்பு, ‘ஹிப்பா’ என்னும் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் உரிய தரக் குறியீடாக ஏற்கப்பட்டது. இப்பொழுது ஆண்டுதோறும் சனவரி முதல் நாளன்று புதிய பதிப்பு நடைமுறைக்கு வருகிறது. ‘டி’ என்னும் எழுத்தும் நான்கு இலக்கங்களும் சேர்ந்தது ஓர் எண். ஆயிரத்தில் தொடங்குபவை நோய்த் தடுப்பு வேலைகள். நாலாயிரத்தில் தொடங்குபவை ஈறு தொடர்பான சிகிச்சைகள். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. சட்டம் கட்டாயமாக்கிய இந்த எண்களுக்குச் சங்கம் பதிப்புரிமை கொண்டாடுகிறது. அவ்வுரிமை செல்லும் என்று 1997இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பும் அளித்திருக்கிறது. தனிம அட்டவணையைப் பயன்படுத்த மெண்டலீவின் வாரிசுகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றால் நம் மாணவர்கள் என்ன சொல்வார்கள்?

நாம் பேச வந்த எண்கள் ஐந்துதாம். டி 1110, பெரியவர்களுக்குரிய வழக்கமான பல் சுத்தம். டி 4341, ஈற்றுக்குக் கீழே வேர் வரை சென்று காரையைச் சுரண்டி, வேரின் மேற்பரப்பை இழைத்து வழவழப்பாக்குவது. வாயை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நான்கு பற்களோ அதற்கு மேலோ இருந்தால் இந்த எண். ஒன்று முதல் மூன்று பற்கள் வரை என்றால் டி 4342. டி 4910, ஈறு நோய்ச் சிகிச்சை முடிந்தபின் தொடர்ந்து செய்யப்படும் பராமரிப்பு. டி 4346, எலும்புத் தேய்வு இல்லாமல் ஈறு மட்டும் வாயெங்கும் வீங்கிச் சிவந்திருக்கும்போது செய்யும் சுத்தம். கடைசி எண் 2017இல்தான் வந்தது. அதுவரை வீங்கிய ஈறு உள்ளவருக்கு நூலில் இடமே இல்லை. ஒன்று அவரை நலமுள்ளவராகக் காட்ட வேண்டும், அல்லது எலும்பு தேய்ந்தவராகக் காட்ட வேண்டும். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இவ்வளவு பெரிய ஓட்டையுடன் ஒரு வகைப்பாடு நடமாடியது என்பது வியப்புக்குரியது.

கம்பியும் ஈறும்

இந்நோயின் இயல்பைப் புரிந்துகொள்ள, பள்ளி ஆய்வகத்தில் நாம் எடை தொங்கவிட்ட கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். எடை சிறிதாக இருக்கும்வரை கம்பி நீள்கிறது. எடையை எடுத்ததும் பழைய நீளத்திற்கே திரும்புகிறது. மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டாலோ, எடையை எடுத்தபின்னும் கம்பி முழுதும் சுருங்குவதில்லை. பல்லோரத்தில் நுண்ணுயிர்ப் படலம் சேர்ந்து ஈறு சிவந்து, துலக்கும்போது இரத்தம் கசிவது முதல் நிலை. படலத்தை நீக்கினால் சில நாட்களில் ஈறு பழையபடி ஆகிவிடும். அழற்சி ஆழமாகச் சென்று பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் கரைக்கத் தொடங்கினால் எல்லை தாண்டியாயிற்று. முன்னாளில் ‘பயோரியா’ என்று பற்பொடி விளம்பரங்கள் அச்சுறுத்தினவே, அது இதுதான். சிகிச்சையால் நோயை நிறுத்தலாம். போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். (பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று நம் ஊரில் பலர் அஞ்சுவர். காரையும் வீக்கமும் மறைத்திருந்த ஆட்டம், அவை நீங்கியதும் வெளியே தெரிகிறது. சுரண்டியதால் வந்த ஆட்டம் அன்று அது.)

இப்பொழுது முதற் கேள்விக்கு விடை கிடைக்கிறது. 1110 பெற்றவரின் கம்பி எல்லைக்குள் இருக்கிறது. 4910 பெற்றவரின் கம்பி ஒருமுறை எல்லையைத் தாண்டி, சிகிச்சையால் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. இன்று இருவர் ஈறும் ஒன்றுபோல் இளஞ்சிவப்பாய் இருக்கலாம். எனினும் இருவரும் ஒன்றல்லர். 2018இல் வெளியான உலகளாவிய ஈறு நோய் வகைப்பாடும், ஒருமுறை எலும்பை இழந்தவர் நோய் அடங்கிய பின்னும் வாழ்நாள் முழுவதும் அந்நோயாளியாகவே கருதப்பட வேண்டும் என்கிறது. ஆகவே 4910 என்ற எண் இருப்பதை நான் குறை கூறவில்லை. அது இருக்கும் விதத்தையே குறை கூறுகிறேன்.

செட்டிநாட்டுக் கணக்கேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தலைப்பில் முன்பாக்கி எழுதியிருக்கும். அன்றைய வரவு செலவு அதன் கீழே வரும். இரண்டையும் ஒரே எண்ணில் கலக்கும் கணக்கப்பிள்ளை வேலையில் நீடிக்கமாட்டார். இந்நூலோ அதைத்தான் செய்கிறது. 1110, 4341, 4342 மூன்றும் இன்று செய்த வேலையைச் சொல்கின்றன. 4346 இன்றைய வேலையுடன் இன்றைய நோய் நிலையையும் சேர்த்துச் சொல்கிறது. 4910 மட்டும் இன்றைய வேலையோடு பழைய வரலாற்றையும் முடிந்து வைத்திருக்கிறது. நோய் என்ன என்பதற்குத் தனி எண் எழுதும் இடம் பல் மருத்துவப் படிவத்தில் 2012ஆம் ஆண்டு முதல் உண்டு. ஆயினும் அதைக் கட்டாயமாகக் கேட்போர் குறைவு. நோய்க்குத் தனி எண், வேலைக்குத் தனி எண், முன்வரலாற்றுக்குத் தனி எண் என்று பிரித்திருந்தால் இக்குழப்பத்தில் பாதி தோன்றியே இராது.

ஊருணியின் ஆழம்

அடுத்தது அளவீடு. இங்கேதான் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகுந்த மனக்குறை உண்டு. மருத்துவர் மில்லிமீட்டர்க் கோடுகள் போட்ட மெல்லிய துழாவுகோலை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே செருகி, ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் ஆழம் பார்க்கிறார். ஞானப்பற்களை விட்டால் 28 பற்கள், 168 அளவுகள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை நலம். 4 அல்லது அதற்கு மேல், அத்துடன் ஊடுகதிர்ப் படத்தில் எலும்புத் தேய்வு என்றால்தான் பல காப்பீட்டுக் கழகங்கள் 4341ஐ ஏற்கின்றன. அழுத்தும் விசை, கோலின் சாய்வு, ஈற்றின் வீக்கம் ஆகியவற்றால் இவ்வளவு ஒரு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம் என்பது துறையினர் ஒப்புக்கொண்டது. அதாவது மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் இப்படி ஒரு முடிவை எழுதி வந்தால் மதிப்பெண் குறைப்பேன். ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமான பட்டியல்கள் அதன் மேல் நிற்கின்றன.

பிழை இவ்வளவோடு நிற்கவில்லை. ஊருணியின் ஆழத்தை நீர்மட்டத்திலிருந்து தரை வரை அளக்கிறீர்கள். அடுத்த ஆண்டு தரையில் இரண்டு முழம் தோண்டிவிட்டார்கள். நீரும் இரண்டு முழம் இறங்கிவிட்டது. உங்கள் அளவு மாறவில்லை. தரை இறங்கியது தெரிய வேண்டுமானால் படித்துறையில் அசையாத ஒரு கல்லிலிருந்து அளக்க வேண்டும். ஈற்றின் விளிம்பும் நீர்மட்டம் போன்றதே. வீங்கினால் மேலேறும், வயதினாலும் நோயினாலும் கீழிறங்கும். ஈறு 4 மில்லிமீட்டர் இறங்கி, பையின் ஆழம் 3 மில்லிமீட்டர் என்றால் ஏட்டில் ‘3’ என்றே பதியும்; உண்மையான இழப்போ 7. மாறாக, எலும்பு துளியும் தேயாமல் ஈறு மட்டும் வீங்கியவருக்கு ‘5’ என்று பதிந்துவிடும். பல்லின் மேற்பூச்சு முடிந்து வேர் தொடங்கும் கோடு அசையாதது. அங்கிருந்து அளப்பதே நேர்மையான அளவு. மருத்துவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனால் எண்ணைத் தீர்மானிக்கும் மேசையில் பெரும்பாலும் பையின் ஆழந்தான் படிக்கப்படுகிறது.

‘நான்கு பற்கள்’ என்ற வரம்பும் அப்படிப்பட்டதே. கால் பகுதியில் நான்கு பற்களில் தலா 4 மில்லிமீட்டர் ஆழம் உள்ளவருக்கும், ஏழு பற்களில் 8 மில்லிமீட்டர் உள்ளவருக்கும் ஒரே 4341. மூன்று பற்களில் 9 மில்லிமீட்டர் உள்ளவருக்கோ அதனினும் குறைந்த எண்.

தேயிலைத் தோட்டத்துச் சான்று

எண்கள் இல்லாத இடத்தில் இந்நோய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் நம்மவர்களே. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் 480 பேரை ஹரால்டு லோ என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவர் குழுவினரும் 1970 முதல் 1985 வரை திரும்பத் திரும்பச் சோதித்தனர். பல் மருத்துவ வசதி எதையும் அறியாதவர்கள் அவர்கள். அனைவர் பற்களிலும் படலமும் காரையும் நிறைய இருந்தன. ஆயினும் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முன்னேறியது. 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகம். 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சிக்கு மேல் ஒன்றும் நேரவில்லை. 35 வயதில் முதல் பிரிவினரின் பிடிப்பிழப்பு சராசரி 9 மில்லிமீட்டர், இரண்டாம் பிரிவினருக்கு 4, மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுக்கும் குறைவு. இந்த அறிவு அவர்கள் சிகிச்சையின்றி இழந்த பற்களின் விலையில் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் நமக்கு வேண்டியது வேகம். ஆழம் என்பது ஒரு கணத்து நிலை. நோயின் கடுமையோ அது மாறும் வீதத்தில் இருக்கிறது. 2018 வகைப்பாடு இதை உணர்ந்து, நிலை ஒன்று முதல் நான்கு வரை என்றும், வேகத்திற்கு மூன்று தரங்கள் என்றும் தனித்தனியே பிரித்தது. பட்டியல் எண்ணில் வேகத்திற்கு இன்றும் இடமில்லை. எட்டு விழுக்காட்டைச் சேர்ந்தவரும் பதினொரு விழுக்காட்டைச் சேர்ந்தவரும் ஆண்டுக்கு இத்தனை முறை என்ற ஒரே வரம்புக்குள் அடைக்கப்படுகின்றனர்.

பணம் நுழையும் வழி

பல திட்டங்களில் 1110க்கு முழுத் தொகையும், ஆண்டுக்கு இருமுறை, கொடுக்கப்படுகிறது. 4910க்கு ஒரு பகுதி மட்டுமே. அதுவும் முன்பு 4341 அல்லது ஈறு அறுவை நடந்ததற்குச் சான்று காட்டினால். ஈறு நோய் அடங்கியவருக்கோ பெரும்பாலும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை பராமரிப்பு தேவைப்படுகிறது. இதன் விளைவை நீங்களே ஊகிக்கலாம். “எனக்கு 1110 என்றே எழுதிவிடுங்கள்” என்கிறார் நோயாளி. இரக்கப்பட்டு எழுதுகிறார் ஒருவர். அது பொய்ப் பட்டியல். இன்னொருவர் ஒருமுறை 1110, மறுமுறை 4910 என்று மாற்றி மாற்றி எழுதுகிறார். வேறொருவர் எலும்புத் தேய்வே இல்லாதவருக்கு நான்கு பகுதிகளுக்கும் 4341 எழுதிக் கூடுதலாகப் பெறுகிறார். நூலைத் தொகுத்தவர்கள் பணம் தருவது தங்கள் பொறுப்பன்று என்பார்கள். அது உண்மையே. ஆனால் 4910 பற்கள் உள்ளவரை தொடரும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, அதே நோயாளி 1110க்குத் திரும்பலாமா என்பதை மருத்துவரின் தீர்ப்புக்கு விட்டுவிட்டால், அந்த இடைவெளியில் பணம் நுழையாமல் வேறென்ன நுழையும்?

பராமரிப்பு வீண் செலவு என்று எவரும் எண்ண வேண்டாம். சுவீடனில் கார்ல்ஸ்டாட் நகரில் ஒழுங்கான தடுப்பும் பராமரிப்பும் பெற்றவர்களை 30 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சராசரியாக இழந்த பற்கள் இரண்டுக்கும் குறைவு. கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதற்காக 4910 வருகையைக் கைவிடுபவர் எதை இழக்கிறார் என்பதற்கு இவ்வெண்ணே போதும்.

நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பல் சிகிச்சையைத் தொடுவதில்லை. விபத்தினால் வந்தது, மருத்துவமனையில் தங்கிச் செய்தது போன்றவையே விலக்கு. என்றேனும் ஒருநாள் தொடும். அன்று அமெரிக்க நூலை அப்படியே படியெடுக்கும் ஆசை எழக்கூடும். அதற்குத் தேவை இல்லை. ‘ஸ்னோமெட்’ என்னும் பன்னாட்டு மருத்துவச் சொற்றொகுதியில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு. நம்மவர் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நோயையும் செயலையும் அது வெவ்வேறாகவே குறிக்கிறது.

அதுவரை, சென்னையில் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1110ஆ 4910ஆ என்ற ஐயம் வந்தால் முதலில் தேதிகளைப் பாருங்கள்: முன்பு 4341, 4342 அல்லது ஈறு அறுவை நடந்திருக்கிறதா? பிறகு ஆழ அளவுகளோடு ஈறு இறங்கிய அளவும் பதிவாகியிருக்கிறதா, ஊடுகதிர்ப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரின் குறிப்பில் ‘பல் சுத்தம்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்து மற்றவை வெறுமையாக இருந்தால், எந்தக் கழகம் எதற்கு எவ்வளவு தருகிறது என்ற பட்டியலைத் திறந்து பார்க்காதீர்கள். ஏட்டைக் கேள்வியுடன் மருத்துவருக்கே திருப்பி அனுப்புங்கள்.