நகலும் ஞாபகமும்

பழைய டி.வி. கேம்களைப் பற்றிய ஞாபகக் குறிப்புகள் தமிழில் இப்போது ஏராளமாக எழுதப்படுகின்றன. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள் — முப்பதுகளில் இருப்பவர்கள், 1990களின் பிற்பாதியில் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒரு ஐம்பதையாவது படித்திருப்பேன். ஒன்றைப் படித்தால் ஐம்பதையும் படித்த மாதிரிதான். கேசட்டை ஊதிச் சொருகியது, மரியோ, கோன்ட்ரா, கரண்ட் போனது, அப்பா அடித்தது. பிறகு ‘நமக்கெல்லாம் ஞாபகமிருக்கிறதல்லவா?’ என்று ஒரு கேள்வி. இருக்கிறது, அதற்கு மேல்? அடையாளம் கண்டுகொள்வதையே அனுபவம் என்று எண்ணிக்கொள்ளும் இந்த மயக்கம் நம் எழுத்துக்குப் புதிதல்ல. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கிராமத்தைப் பற்றி எழுதியவர்கள் பல வருஷங்கள் இதைத்தான் செய்தார்கள்.

இன்னொரு வகைக் குறிப்புகள் சேகரிப்பாளர்களுடையவை. இவர்கள் பணம் செலவழித்து அசல் கருவிகளை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பவர்கள். தகவல் சுத்தமாக இருக்கும். நின்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ கருவியை 1983 ஜூலை 15இல் ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. வடிவமைத்தவர் மஸாயுகி உவெமுரா. 1985இல் அது வேறு பெட்டியும் வேறு பெயருமாக அமெரிக்கா போனது. எல்லாம் சரிதான். ஆனால் விருதுநகரிலும் சிவகாசியிலும் நாங்கள் ஆடியது அதுவல்ல. அதன் நகலை.

இந்த நகல் எப்படிச் சாத்தியமாயிற்று என்பது ஸ்தூலமான விஷயம். அமெரிக்கக் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லு வைத்தார்கள். நிறுவனம் அனுமதிக்காத கேசட் அதில் ஓடாது. ஜப்பானியக் கருவியில் அந்தப் பூட்டு இல்லை. அது இல்லாததால்தான் தைவானிலும் பிறகு சீனாவிலும் அதை அப்படியே பார்த்துச் செய்ய முடிந்தது. ரஷ்யாவில் 1992இல் ‘டெண்டி’ என்ற பெயரில் விற்றார்கள்; இந்தியாவில் ‘சாமுராய்’, ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்று. (இதே காலத்தில் முறையான வழியும் ஒன்றிருந்தது: 1995இல் ஸேகா நிறுவனத்தின் கருவியை விற்கும் உரிமையை ஷா வாலஸ் பெற்றது. மது வியாபாரத்தில் பெயர்போன நிறுவனம். அந்தக் கருவி எங்கள் தெரு வரை வரவில்லை.) நேரு சொன்னதாகச் சொல்லிக்கொள்ளும் ‘குட்டி ஜப்பானு’க்கு, ஜப்பானின் பொம்மை மூன்றாம் கை மாறி, பெயரை மறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த ஊர் இது. பேர்பெற்ற தீப்பெட்டி லேபிளில் ஒரு வாலை நீட்டி, ஒரு எழுத்தை மாற்றி அச்சிட்டு விற்பது இங்கே பழக்கமான காரியம்.

நகல் என்றவுடன் குறைபட்ட அசல் என்று நினைத்துவிடுகிறோம். புதுக்கவிதை வந்தபோதும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் அடித்தார்கள். ஆனால் நகலுக்குத் தனியாக ஒரு உருவம் உண்டு. அதைப் பார்க்கும் கண்தான் இந்தக் குறிப்புகளில் இல்லை. ‘9999 இன் 1’ என்று போட்ட கேசட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது சில டஜன் ஆட்டங்கள்தான், சிலவற்றில் அதுவும் இராது. மற்றதெல்லாம் அதே ஆட்டங்கள், வேறு கட்டத்திலிருந்து அல்லது வேறு ஆயுதத்தோடு தொடங்கும்படி செய்து, வேறு எண்ணின் கீழ். சில கேசட்டுகளில் பட்டியலுக்குப் பின்னால் கடலும் பறவைகளும் தெரியும். ‘அன்செயின்ட் மெலடி’ என்ற 1955ஆம் வருஷத்துக் காதல் பாட்டின் மெட்டு பீப் ஒலியில் திரும்பத் திரும்பக் கேட்கும். நாங்கள் 4,000க்குப் போனோம், 7,000க்குப் போனோம். புதிதாக ஏதோ ஒன்று இன்னும் கீழே இருக்கிறது என்ற நம்பிக்கையும், இல்லை என்று தெரிந்த பிறகும் பொத்தானை அமுக்கிக்கொண்டே போன கையும் — இது அசல் கருவியை வைத்திருந்த ஜப்பானியச் சிறுவனுக்கோ அமெரிக்கச் சிறுவனுக்கோ கிடைக்காத அனுபவம். இதைப் பற்றி ஒரு வரி எழுதியவர் இல்லை. ஏமாந்ததை ஏமாந்ததாகச் சொல்லக் கூச்சம்.

இன்னொன்று. நகல் செய்தவர்கள் முகப்புத் திரையிலிருந்து நிறுவனத்தின் பெயரையும் வருஷத்தையும் பல சமயம் அழித்துவிட்டிருந்தார்கள். விளக்கப் புத்தகம் கிடையாது. அந்த மீசைக்காரன் யார், எதற்காக ஓடுகிறான், எங்களுக்குத் தெரியாது. விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் ஆசிரியனின் உத்தேசத்தை விமர்சனத்திலிருந்து வெளியேற்றினார்கள்; பி.ஏ. வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆசிரியன் இல்லாத பிரதி எங்களுக்கு ஆறாம் வகுப்பிலேயே பழகிப்போயிருந்தது. பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம்: டாங்கி, சர்க்கஸ், வாத்துத் துப்பாக்கி.

அசல்வாதிகளின் பட்டியல் இங்கே வழுக்கிவிடுகிறது. நாங்கள் டாங்கி என்றது நாம்கோவின் ‘பேட்டில் சிட்டி’, 1985. சர்க்கஸ் என்றது ‘சர்க்கஸ் சார்லி’. இரண்டும் அமெரிக்கக் கருவிக்கென்று வெளியிடப்படாதவை. ஆகவே அமெரிக்கர்களின் ‘சிறந்த நூறு’களில் இவற்றுக்கு இடமில்லை, அந்த நூறுகளைப் பார்த்து அலமாரியை நிரப்புகிற நம் சேகரிப்பாளரின் அலமாரியிலும் இடமில்லை. தான் ஆடியதை ஒதுக்கிவிட்டு, ஆடியிருக்க வேண்டியதை வாங்கி வைக்கிறார். இதற்குச் சேகரிப்பு என்று பெயரா? வேறொருவனுடைய பால்யத்தைத் தவணையில் வாங்குவது என்றால் பொருந்தும்.

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பழைய கேசட்டுகள் வைத்திருக்கிறார். சேகரிப்பாளர் என்று அவரைச் சொல்ல முடியாது. தூக்கிப் போடவில்லை, அவ்வளவுதான். அவற்றை அவர் பார்ப்பது அச்சுத் தொழிலாளியின் கண்ணால். ‘இது மூணாம் நகல் அண்ணாச்சி. அச்சான படத்தையே திரும்பப் படம் பிடிச்சிருக்கான், புள்ளிமேல புள்ளி விழுந்திருக்கு பாருங்க. ரிஜிஸ்டரும் விலகியிருக்கு.’ லேபிளில் இருக்கும் படம் உள்ளே இருக்கும் எந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லாதது என்பதையும் அவர்தான் எடுத்துக் காட்டினார். ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு என்று நான் சொன்னபோது அவர் வியக்கவில்லை. மொத்த ஆட்டத்தையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஒரே பிளேட்டை வைத்து மை மாற்றி இரண்டு லேபிள் எடுப்பது அவருக்குத் தொழில். சிக்கனத்திலிருந்து பிறக்கும் உருவம் பற்றிக் கவிதையில் நாம் எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறோம்! அந்த மேகத்தைப் பற்றி இரண்டு வரி எழுதக்கூடியவர் ஞாபகக் குறிப்பு எழுதுபவர்களில் இல்லை, அச்சகத்தில் இருக்கிறார்.

இவரிடம் வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் வந்தார். கிழிந்துபோன அசல் கேசட்டுகளுக்குப் புது லேபிள் வேண்டும், அசல் போலவே. நண்பர் அடித்துக் கொடுத்தார். வந்தவருக்குத் திருப்தியில்லை: ‘ஒரிஜினல் இவ்வளவு சுத்தமாக இருக்காதே.’ கொஞ்சம் மங்கலாக்கி இரண்டாம் முறை அடித்துக் கொடுத்தார். பிரதிகள் பெருகும்போது அசலின் ஒளி குன்றுகிறது என்று 1930களில் வால்டர் பெஞ்சமின் வாதித்தார். இங்கே அசலின் ஒளியே சிவகாசியில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தரப்படுகிறது. பழுப்புக்குத் தனி ரேட்.

இனி அந்த ‘நமக்கெல்லாம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. ஒரே சொல்லில் கேட்கிறவனைச் சேர்த்துக்கொண்டானா விட்டுவிட்டானா என்று தெரியாமல் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் முடியாது. ‘நாமெல்லாம் டி.வி. கேம் ஆடி வளர்ந்தவர்கள்’ என்று ஒருவர் இந்த ஜில்லாவைப் பற்றி எழுதும்போது, அந்த வாக்கியத்துக்குள் யாரையெல்லாம் இழுத்துப் போடுகிறார்?

இதே பகுதியின் குழந்தைப் பருவத்துக்கு வேறு ஆவணங்கள் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் குழந்தைகளைப் பற்றி ஸ்மிது கோத்தாரியின் கட்டுரை 1983இல் வந்தது — ஃபேமிகாம் வெளிவந்த அதே ஜூலையில். சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ படம் 1990. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 1996 டிசம்பரில். விடிவதற்கு முன் ஆபீஸ் பஸ் கிராமங்களுக்குள் வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனதெல்லாம் எங்கோ தூர தேசத்துச் சரித்திரமல்ல. ஞாபகக் குறிப்புகளின் பொற்காலமும் இந்தத் தீர்ப்பின் காலமும் ஒன்றே. ஒரே பத்தாண்டு, ஒரே ஊர். ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தால் ஒரு தவறும் இல்லை. ‘நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்ற கேள்வியாவது மிஞ்சியிருக்கும். ‘நாம்’ அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது.

அச்சக நண்பர் வீட்டில் கருவி வாங்கியது அவருடைய அக்காவின் தீபாவளி போனஸில். அக்கா அப்போது கட்டை அடுக்கும் வேலையில் இருந்தார் — மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவது. கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. தம்பிகள் ஆடுவார்கள்; அக்காவுக்கு ஓடுவதும் சுடுவதும் பிடிக்காது. டாங்கி ஆட்டத்தில் மட்டும் ஒரு வசதி உண்டு: 13க்கு 13 கட்டங்களில் செங்கல், இரும்பு, தண்ணீர், மரம் என்று நாமே அடுக்கி ஒரு களத்தைக் கட்டிக்கொள்ளலாம். ராத்திரி தம்பிகள் படுத்த பிறகு அக்கா அதை அடுக்குவாராம். அடுக்கி முடித்ததும் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார், அணைத்துவிடுவார். அந்த ஆட்டத்தில் எதையும் சேமித்து வைக்க வழியில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் களம் போயிற்று. மறுநாள் திரும்ப முதலிலிருந்து.

இதைக் குறியீடாக்கிவிட ஆசை எழுகிறது. வேண்டாம். பகலெல்லாம் குச்சி அடுக்கிய கை ராத்திரியும் அடுக்கியது என்று எழுதினால் ஒரு மோசமான கவிதை கிடைக்கும். அக்காவுக்கு அது விளையாட்டாக இருந்திருக்கலாம். கூலியில்லாமல் அடுக்குவது வேறு மாதிரியான அடுக்கல் என்பது அவருக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியவேண்டியது, இந்த ஞாபகம் ஐம்பது குறிப்புகளில் ஒன்றிலும் இல்லை என்பது.

தீப்பெட்டி வட்டாரத்துப் பொருள் ஒன்று எப்படி எழுத்துக்குள் வரவேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் குழந்தைகள் வீட்டுக் கதவில் தீப்பெட்டிப் படம் ஒட்டுகிறார்கள். அந்தக் கதவில் ஏறி ஆடுகிறார்கள். தீர்வைப் பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். விளையாட்டுப் பொருளும் வரியும் பசியும் ஒரே மரச்சட்டத்தில் இருக்கின்றன. ‘அந்தக் காலம் போல வருமா’ என்ற முனகல் ஒரு இடத்தில் இல்லை. டி.வி. கேம் பற்றி எழுதுகிறவர்கள் பொருளைத் தொட்டுவிட்டுப் பொருளுக்கு யார் காசு கொடுத்தார் என்பதைக் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பாதிக் குறிப்புகளில் ஒரு அக்காவோ அம்மாவோ வந்து நின்றிருப்பாள்.

2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டிகள் இப்போது பழைய இரும்புக்கடைகளில் கிடக்கின்றன. வாத்துத் துப்பாக்கி அந்தக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டியில்தான் வேலை செய்யும்: சுட்டவுடன் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்ற, துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறது. இன்றைய தட்டைத் திரையில் அந்தக் கணக்கு பிசகிவிடும். இது தெரிந்த சேகரிப்பாளர்கள் குழாய்ப் பெட்டிகளைத் தேடி அலைகிறார்கள். நண்பர் இரண்டு வைத்திருக்கிறார். லேபிளுக்கு வந்தவர் அதையும் விலைக்குக் கேட்டார். பெட்டியோடு அந்தப் பழைய கேசட்டுகளையும் எடுத்துக்கொள்வதாக, ஆனால் அவற்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருக்கும் ‘டாங்கி’, ‘சர்க்கஸ்’ எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் தரவேண்டும் என்றாராம். பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டார். கேசட்டுகள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன.