கொடைக்கானலில் ஒரு பண்டார் பாருக்காரன்

வெளிநாட்டில், அதுவும் மலைமேல், நிம்மதியாக வாழ ஓர் ஊர் சொல்லுங்கள் என்று மலேசியத் தமிழர் யார் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் நான் சொல்லிவிடும் பெயர் கொடைக்கானல். ஊட்டி அழகுதான். குன்னூர், மூணாறு, நுவரெலியா எல்லாமே அழகுதான், எதையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போய்ப் பார்த்து வருவது வேறு, பெட்டியைப் பிரித்து அடுக்கி, மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாழ்வது வேறு. வாழ்வதற்கென்றால் கொடைக்கானல்தான்!

நான் பண்டார் பாருக்காரன். கெடாவின் தென்கோடி மாவட்டம் அது. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார், பக்கத்திலேயே பினாங்கின் நிபோங் திபால். செர்டாங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மர வரிசைகளுக்கு நடுவே வளர்ந்து, அந்த வரிசைகள் செம்பனையாக மாறியதையும் பார்த்தவன். வருஷம் முழுக்க ஒரே வெக்கை, மத்தியானம் 32, 33 டிகிரி. கிழக்கே நீலமாகத் தெரியும் மலைத்தொடரைப் பார்த்தபடியே பள்ளிக்கூடம் போனோம். மலைமேல் வாழும் ஆசை அங்கேதான் விதை விழுந்தது. கேமரன் மலை நம் நாட்டிலேயே இருக்கிறதே என்பார்கள். தானா ராத்தாவின் குளிரும் தேயிலைச் சரிவுகளும் எனக்கு உயிர். ஆனாலும் தாத்தா கப்பலேறிய நாட்டில் கொஞ்சகாலம் இருந்து பார்க்கவேண்டும் என்ற தாகம் தனி.

கொடைக்கானலை எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு முதல் காரணம், அது வந்தேறிகள் உண்டாக்கிய ஊர். மலையின் பழங்குடிகளும் மேல்மலைக் கிராமத்துக்காரர்களும் முன்பிருந்தே இருக்கிறார்கள். ஆனால் இன்று நாம் பார்க்கும் நகரம் வெளியிலிருந்து வந்தவர்களின் உழைப்பு. 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே வந்து முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஓடையை மறித்து ஏரியை அமைத்தார். 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இந்த மலையில்தான். 1901-இல் தொடங்கிய பள்ளிக்கூடம் ஏரிக்கரையில் இன்றைக்கும் நடக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என் நெஞ்சைத் தொட்டது குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-இல் அதைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன், இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி, பிறப்பால் ஆஸ்திரேலியர். எங்கேயோ பிறந்த ஒரு பெண் முருகனுக்கு மலையுச்சியில் கோயில் எழுப்பியிருக்கிறார், ஊரும் அதைத் தன் கோயிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மேகம் விலகிய காலையில் கோயில் பின்புறத்தில் நின்றால் கீழே பழனி மலை தெரியும். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக்கு நடந்தே பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. என் வீட்டுக்காரி முதல் தடவை அங்கே நின்றபோது வெகுநேரம் கையைக் கூப்பியபடியே இருந்தாள். கீழே இறங்கும் முன்பே வாடகைக்கு வீடு தேடலாம் என்று சொன்னவள் அவள்தான்.

சமீப காலத்துக்கு வந்தால் டான்யா பால்கர், பாப் ஸ்டூவர்ட். இங்கிலாந்திலிருந்து வந்து பக்கத்து வட்டக்கானலில் தங்கிவிட்ட இருவரும் சோலைக்காட்டு மரங்களின் விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, அழிந்துபோன இடங்களில் திரும்ப நட்டவர்கள். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை அவர்களால் உருவானது. வெளிநாட்டில் குடியேறுகிறவன் அந்த ஊருக்கு என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. சோலைக்காடு ஒன்றுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள்! வரிசை பிடித்து நிற்கும் ரப்பரையும் செம்பனையையும் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அந்த ஒழுங்கின்மை பெரிய விருந்து. பாசி மூடிய குட்டை மரங்கள், கிளை கிளையாகப் பெரணி, கால் வைத்த இடமெல்லாம் ஈரம். அந்தச் சோலைகள் மழையை உறிஞ்சி வைத்து மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஓடை ஓடுகிறது.

இங்கே எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இன் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இந்த மலையிலும் வந்து தங்கினார்கள். காட்டு வேலையில் அவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. நான் தோட்டத்து ஆள் என்று தெரிந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி: “உங்க தோட்டத்துல பெரட்டுக்கு எத்தன மணிக்குத் தம்பி கூப்புடுவாங்க?” விடியற்காலை இருட்டில் வரிசை நின்று பேர் கொடுத்த என் அம்மாவை, கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டு ரொட்டி எங்கள் வீட்டுக்கு வருகிறது, எங்கள் வீட்டுச் சம்பால் அங்கே போகிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். சந்தையில் காரட், பீன்ஸ், முள்ளங்கி எல்லாம் மண் ஒட்டியபடி வந்து இறங்கும். பருவத்தில் பிளம்ஸும் பேரிக்காயும் கூடை கூடையாக. வெண்ணெய்ப் பழம் அடுத்த வீட்டு மரத்திலேயே காய்க்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ராஜா மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. பல் சிறியது, நிறம் மங்கல், காரமும் மணமும் மூக்கில் ஏறும். ஊரிலிருந்து கொண்டுவந்த பெலாச்சான் என்ற இறால் விழுதோடு இதை இடித்துச் சம்பால் செய்தால், பண்டார் பாருவில்கூட அப்படி ஒரு சம்பால் கிடைக்காது, சத்தியமாக! பூண்டு வாங்கப் பூம்பாறைக்கே போங்கள். படிப்படியாக இறங்கும் வயல்களும், நடுவே கூட்டமாக வீடுகளும், குழந்தை வேலப்பர் கோயிலும் உள்ள ஊர். அங்கே பூண்டு விற்கும் பெண் எங்களை முதலில் “சார், மேடம்” என்றுதான் கூப்பிட்டார். இப்போது “என்னண்ணே, அண்ணிய ஏன் கூட்டிட்டு வரல?” என்கிறார்.

குளிரைப் பற்றிப் பயப்படாதீர்கள். 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏரிப் பக்கத்துப் புல்வெளியில் உறைபனி விழும். கம்பளியும் நல்ல காலுறையும் இருந்தால் சரியாகிவிடும். பகலில் வெயில் அடிக்கும்போது அந்த வெயிலில் நிற்பதே ஒரு சுகம், கெடாவில் கனவிலும் நினைக்காத சுகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும், மின்சாரம் போகும், மலைப்பாதையில் மண் சரியும். மளிகை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். ராத்திரியில் காட்டுமாடு தெருவிலேயே நடக்கும். ஒதுங்கி நின்று வழிவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். பெரிய வைத்தியத்துக்கு மதுரைக்கு இறங்கவேண்டும், மூணு நாலு மணி நேரம் ஆகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள், ஆனால் வாருங்கள்.

வழியும் சுலபம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், அங்கிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் அன்றைக்கே வீடு. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கும் நேரடி விமானம் தொடங்கியதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நீண்ட காலம் தங்க நல்ல வழி இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. அது இரட்டைக் குடியுரிமை இல்லை, மலேசியக் கடப்பிதழ் நம்மிடமே இருக்கும், விசா கவலை ஆயுளுக்கும் இல்லை. ஓட்டுரிமை கிடையாது. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் எதையும் விலைக்கு வாங்க முடியாது. நம் முன்னோர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்பதற்குத் தாள் காட்டவேண்டும் என்பதால், வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பிறப்புப் பத்திரங்களையும் கடப்பிதழ்களையும் இன்றே தேடத் தொடங்குங்கள். எங்கள் குடும்பத்தில் அந்தத் தேடலிலேயே தாத்தாவின் ஊர்ப்பெயர் கிடைத்தது, அப்பாவுக்கே அது தெரியாது.

வீடு வாங்க அவசரப்படவேண்டாம். வாடகைக்கு எடுங்கள், சந்தடிக்குச் சற்றுத் தள்ளி நாயுடுபுரம், வில்பட்டி, அட்டுவம்பட்டி என்று தேடுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் வந்து ஊரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது சுற்றுலாக்காரர்களின் காலம், ஏழு ரோடு சந்திப்பில் வண்டி நகராது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேறு வேண்டும். ஜூலையில் வாருங்கள், பனிமூட்டம் ஜன்னலுக்குள் வரும் மாதம். அப்போதும் பிடித்திருந்தால் இந்த ஊர் உங்களுக்கானது.

குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-இல், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் அடுத்தது 2030. செர்டாங்கிலும் பாரிட் புந்தாரிலும் இருக்கும் சொந்தங்கள் இப்போதே இடம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. கூடத்தில் பாய் போட்டுக்கொள்ளலாம், எல்லாரும் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வரும்போது பெலாச்சான் மட்டும் மறக்காமல் கொண்டுவரவேண்டும்.