நட்சத்திரக் கட்சி

போன வாரம் கடத்தூர் வெற்றிலைச் சந்தைப் பக்கம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கையில் ஹோவர்ட் எர்ட்மன் சுதந்திராக் கட்சி பற்றி எழுதி 1967-ல் வந்த புத்தகம். பக்கத்தில் எண்பது தாண்டிய பெரியவர். என்ன புஸ்தகம் என்றார். சொன்னேன்.

"ராஜாஜியோட நட்சத்திரக் கட்சியா? எங்கப்பாவுக்கு அவர் பேச்சுன்னா உசுரு. ஆனா கட்சிப் பக்கம் போகலை தம்பி. ராஜாக்களோட நமக்கென்ன வேலைன்னுட்டார்."

எர்ட்மன் பொறுமையாக அலசுவதை ஒரே வரியில் முடித்துவிட்டார்!

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி 2004 வரை தர்மபுரி மாவட்டம்தான். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுப் பண்ணை விவசாயம் என்று தீர்மானம் போட, ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. அப்போது ராஜாஜிக்கு வயது 80. நம்மில் பலர் 58-லேயே ஈஸிசேர் தேடுகிறோம்.

'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று அவர் கிண்டலடித்தது வெறும் வாய்ச்சொல் இல்லை. 1952-ல் முதல்வராக இருந்தபோதே உணவு ரேஷனைத் துணிந்து எடுத்தவர். லோக்சபாவில் 1962-ல் 18 இடம், 1967-ல் 44. அதுதான் பெரிய எதிர்க்கட்சி. இங்கே தி.மு.க.வோடு கூட்டணி வைத்து காங்கிரஸைக் கவிழ்த்தது. 1971-ல் எட்டே இடம். 1972-ல் ராஜாஜி மறைந்தார். 1974-ல் சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கட்சி கரைந்தது.

ஏன் தோற்றது? இந்திரா அலை என்பது பாதி பதில்தான். மசானி போன்ற லிபரல்கள், ரங்கா போன்ற விவசாயத் தலைவர்கள், மகாராஜாக்கள், மில் முதலாளிகள் எல்லாரும் ஒரே பந்தியில். சர்க்கார் தலையிடக் கூடாது என்றால் யாருக்கு லாபம்? ஏற்கெனவே வைத்திருப்பவனுக்கா, புதிதாகக் கடை போடுபவனுக்கா? கட்சி இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லவே இல்லை. வியாபாரிக்குச் சுதந்திரம் கேட்ட அதே ராஜாஜிதான் 1953-ல் பள்ளிக்கூடத்தைப் பாதி நேரமாக்கி, மீதி நேரம் பிள்ளைகளை அப்பன் தொழில் கற்கச் சொன்னார். அதை 'குலக்கல்வி' என்று தமிழ்நாடு மறக்கவில்லை.

1991-ல் லைசென்ஸ் ராஜ்யத்தைக் கலைத்தது அதே காங்கிரஸ். அவர் சொன்னது பலித்தபோது கட்சி செத்து 17 வருஷம்.

கடைசியாக ஒரு வேடிக்கை. 1989-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, கட்சியைப் பதிவு செய்ய சோஷலிசத்துக்கு விசுவாசம் எழுதித் தரவேண்டும். சுதந்திராக் கட்சியை நீங்கள் இன்று மறுபடி ஆரம்பிக்கலாம். முதல் பக்கத்திலேயே பொய் சொல்லத் தயாராக இருந்தால்!