உடைந்த தடி
லோர்கா 1936இல் எழுதிய ‘பெர்நார்தா ஆல்பாவின் வீடு’ நாடகத்தில் ஓர் ஆண்கூட மேடைக்கு வருவதில்லை. கணவன் இறந்ததும் பெர்நார்தா ஐந்து மகள்களுக்கும் எட்டு வருடத் துக்கம் விதிக்கிறாள். வெள்ளைச் சுவர்கள், கறுப்பு உடை, அவள் கையில் தடி. கடைக்குட்டி அதேலா பச்சை உடையைப் போட்டுக்கொண்டு கொல்லைக் கோழிகளிடம் காட்டுகிறாள். வேறு யாரிடம் காட்ட?

கடைசியில் அம்மாவின் தடியைப் பிடுங்கி உடைக்கிறாள். முதல்முறை வாசித்தபோது, ‘அப்பாடா, விடுதலை’ன்னு தோன்றியது. மறுபடி வாசித்தபோதுதான் அவள் அடுத்துச் சொல்வது உறைத்தது. பெப்பேயைத் தவிர வேறு யாரும் இனி தனக்குக் கட்டளையிட முடியாதாம். பெப்பே, அக்காவுக்கு நிச்சயமானவன். இவளுடைய ரகசியக் காதலன். தடியை உடைத்த கையாலேயே அதிகாரத்தை இன்னொருவனிடம் கொடுக்கிறாள்.

அவள் தூக்கில் தொங்கிய பிறகும் பெர்நார்தா, மகள் கன்னியாகவே செத்தாள் என்று அறிவிக்கிறாள். அந்த வீட்டில் அழக்கூட ஊருக்குப் பயந்துதான் அழ வேண்டும்.