கற்பனை மேடையில் கடந்தகால வீரர்கள்

ஒரே காலத்தில் வாழாத இருவரை ஒரே மேடையில் ஏற்றி மோதவிட்டுப் பார்ப்பதில் மனித மனத்திற்கு என்றும் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. புலவர்களை அவ்வாறு ஒப்பிடுகிறோம், அரசர்களை ஒப்பிடுகிறோம். ஆயினும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றிய ஒப்பீட்டில் எழும் சூடு வேறெதிலும் எழுவதில்லை. ஜோ லூயிஸும் முகம்மது அலியும் மோதியிருந்தால்? ராக்கி மார்சியானோவின் முன் இளம் மைக் டைசன் நின்றிருந்தால்? இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை நீளும் வடசென்னைக் கடலோரத்தில் இக்கேள்விகளை வெறும் பொழுதுபோக்காகக் கருதிவிட முடியாது. சார்பட்டா என்றும் இடியாப்ப நாயக்கர் என்றும் பரம்பரைகளாகப் பிரிந்து நின்று ஆங்கிலக் குத்துச்சண்டை பயின்ற வட்டாரம் அது. வாத்தியாரின் புகழ் அங்கே குடும்பப் புகழுக்கு நிகரானது.

இவ்வழக்கில் நம் இல்லங்கள் வழங்கும் தீர்ப்பை அனைவரும் அறிவர். எதிரே நிற்பவர் எவராயினும் வெற்றி அலிக்கே. 1964-இல் சன்னி லிஸ்டனை வென்று, அதையொட்டித் தம் புதிய பெயரை உலகிற்கு அறிவித்த நாள் முதல் அவர் நம்மவர். அன்பில் பிறந்த தீர்ப்பு அது. அன்பு குற்றமன்று. ஆனால் நீதிபதியின் இருக்கையில் அன்பு ஏறி அமர்ந்தால் வழக்கு என்னவாகும் என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மனிதர் தீர்ப்பில் சார்பு கலக்கும் என்றெண்ணி, இயந்திரத்திடமே வழக்கை ஒப்படைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1967-இல் மர்ரி வொரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் திறன்களை எண்களாக்கிக் கணிப்பொறியில் இட்டு, கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை வானொலியில் ஒலிபரப்பினார். 1905-இல் ஓய்வு பெற்றுவிட்ட ஜேம்ஸ் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக அதில் முடிவு வந்தது. அலி வழக்குத் தொடுத்தார். அதன் சமரச ஏற்பாட்டின் ஒரு பகுதியாக, 1969-இல் அலியும் மார்சியானோவும் படப்பிடிப்புக் கருவிகளின் முன் பாவனைச் சண்டை இட்டனர். ஒருவர் பட்டம் பறிக்கப்பட்டு மேடையேற முடியாதிருந்தவர். மற்றவர் ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பின், 45 வயதில், உடலை இளைத்துக்கொண்டு தலையில் பொய்ம்முடி தரித்து வந்தவர். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்ட முடிவில், 13-ஆம் சுற்றில் அலி வீழ்ந்தார். ‘வென்ற’ மார்சியானோ அதைக் காண உயிருடன் இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்றே விமான விபத்தில் மறைந்திருந்தார்.

கணிப்பொறிக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்பது மெய்தான். ஆனால் அதற்கு எண்களை ஊட்டியவர்கள் மனிதர்களே.

ஜெஃப்ரீஸின் பெயர் இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுகிறது. 1908-இல் ஜாக் ஜான்சன், ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பின வீரரானார். தோல்வியே அறியாமல் ஓய்வு பெற்ற ஜெஃப்ரீஸ் களத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்ற பேச்சு வெள்ளையரிடையே எழுந்தது. பேச்சோடு நிற்காமல், பண்ணையில் உழுதுகொண்டிருந்தவரை மேடைக்கே இழுத்து வந்தனர். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் நடந்த அச்சண்டை 15-ஆம் சுற்றில் ஜான்சனின் வெற்றியாக முடிந்தது. அன்றிரவே அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. ‘வலியவர் யார்’ என்று வாயால் கேட்டவர்கள், ‘மேலான இனம் எது’ என்றே மனத்தால் கேட்டிருந்தனர். நம்மவர் வெல்ல வேண்டும் என்ற ஆசை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை.

அப்படியாயின் இத்தகைய ஒப்பீடே தகாததா? அவ்வாறு நாம் கூறவில்லை. முறையோடு செய்தால் அது வீரனைப் புரிந்துகொள்ள உதவும். முதலில், எந்த ஆண்டின் வீரன் என்று கேட்க வேண்டும். 1938-இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை முதற் சுற்றிலேயே வீழ்த்திய லூயிஸ் வேறு. 1951-இல் தம் 37-ஆம் வயதில் மார்சியானோவிடம் வீழ்ந்த லூயிஸ் வேறு. 1980-இன் தொடக்கத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் நின்ற அலியை நம்மவர் பலர் கண்ணாரக் கண்டனர். அவர் ஓய்வை அறிவித்துவிட்ட 38 வயது மனிதர். 1966-இல் கிளீவ்லண்ட் வில்லியம்ஸைச் சுற்றிச் சுழன்று மூன்றே சுற்றில் முடித்த இளைஞர் அல்லர்.

அடுத்து, எந்த விதி என்று கேட்க வேண்டும். அலியின் காலத்துப் பட்டப் போட்டி 15 சுற்று. 1980-களில் அது 12 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ 185 பவுண்டு எடையோடு உலகை வென்ற மார்சியானோ, இன்றைய கணக்கில் ஹெவிவெயிட் பிரிவுக்கே கீழே நிற்பார். முகத்துவாரக்குப்பத்து மீனவரிடம் கேட்டால் இது எளிதில் விளங்கும். கட்டுமரத்தில் துடுப்புப் போட்ட பாட்டனார் சிறந்தவரா, இயந்திரப் படகு செலுத்தும் பேரன் சிறந்தவனா? மணல் மூடியும் திறந்தும் மாறிக்கொண்டிருக்கும் முகத்துவாரத்தில், அன்றைய நீரை அறிந்தவனே அன்றைய சிறந்த படகோட்டி.

இவ்விரு கேள்விகளோடு லூயிஸ்–அலி வழக்கைப் பார்ப்போம். 1941-இல் பில்லி கான் என்ற, தம்மைவிட மிக எடை குறைந்த வீரரின் கால் வேகத்தின் முன் லூயிஸ் திணறினார். 12 சுற்றுகள் முடிவில் கானே முன்னிலையில் இருந்தார். இது அலிக்குச் சாதகமான சாட்சி. ஆனால் 13-ஆம் சுற்றில் கான் நின்று மோதத் துணிந்ததும் லூயிஸ் அவரை வீழ்த்திவிட்டார். கையைத் தாழ்த்தி, தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்பும் பழக்கமுடைய அலியை 1963-இல் ஹென்றி கூப்பரும் 1971-இல் ஜோ ஃப்ரேசியரும் இடக்கைக் குத்தால் தரையில் சாய்த்தனர். இது லூயிஸுக்குச் சாதகமான சாட்சி. 1966-இன் அலி வென்றிருக்கலாம் என்பதே நம் கருத்து. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி, 1974-இல் ஜார்ஜ் ஃபோர்மனைக் களைப்புறச் செய்த அலி, அதே உத்தியை லூயிஸிடம் கையாண்டிருந்தால் பெரும் ஆபத்தைச் சந்தித்திருப்பார். இதைச் சொல்வதால் அலியின் பெருமை குறையாது.

உண்மையில் அலியைப் பற்றிக் கேட்கத்தக்க கற்பனை வினா ஒன்றே. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967-இல் பட்டத்தையும் மேடையையும் இழந்தபோது அவருக்கு வயது 25. ஆடிய 29 போட்டிகளிலும் வெற்றி. மீண்டும் மேடையேறியது 1970 அக்டோபரில். அந்த மூன்றரை ஆண்டுகளில் அவர் எவ்வளவு உயர்ந்திருப்பார்? அதற்கு விடை இல்லை. விடை இல்லாமற் போனதே அவர் கொடுத்த விலை. அறிந்தே கொடுத்த அவ்விலையின் முன், ஆடாத போட்டிகளில் நாம் சூட்டும் வெற்றி மாலைகள் மிக மலிவானவை.

கடைசிக் கேள்வி சாட்சியைப் பற்றியது. லூயிஸுக்கும் அலிக்கும் படச்சுருள் உண்டு. வடசென்னை வீரர்களுக்கு? ஆங்கிலோ–இந்திய வீரர் நாட் டெர்ரியைச் சார்பட்டாவின் கித்தேரி முத்து வென்ற கதையை இக்கடலோரம் இன்றும் பெருமிதத்தோடு சொல்கிறது. எத்தனையாவது சுற்றில், எந்தக் குத்தில் என்று கேட்டால் வாய்க்கு வாய் மாறுகிறது. 2021-இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் அவ்வுலகை மீண்டும் பேச வைத்தது. எனினும் திரைக்கதை சாட்சியாகிவிடாது. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று தொடர் பார்த்துச் செய்தியை ஏற்கும் மரபு நமக்குப் புதியதன்று. அந்த மேடைகளின் அருகில் நின்று கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். யார், எப்போது, யாரோடு, எத்தனை சுற்று என்று அவர்கள் சொல்லச் சொல்ல இளைஞர்கள் எழுதி வைக்கட்டும். இல்லையேல் நாளை அவ்வீரர்களும் கற்பனை மேடைக்கே போய்ச் சேர்வர். அங்கே ஆசைப்பட்டவர் பக்கமே வெற்றி சாயும்.