நியாயமான வரிசை: எவரிடையேயான நியாயம்?

எண்களால் எழுதப்பட்டது கருத்துநிலைக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. எம். சிறீதரும் ஜோர்ஜ் வர்கீசும் 1995 இல் வெளியிட்ட ‘பற்றாக்குறைச் சுழல்முறை’ பற்றிய ஆய்வுக்கட்டுரையை நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவ்வெண்ணத்தைச் சோதிக்கும் பொருட்டேயாகும்.

கணினி வலையமைப்பில் ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தியிடம் பலரது தரவுப் பொதிகள் ஒரே வேளையில் வந்து குவிகின்றன. முதலில் வந்ததை முதலில் அனுப்பின், அதிகம் அனுப்புபவனே அதிகம் பெறுவான். இதனை 1985 இல் சுட்டிக்காட்டிய ஜோன் நேகிள், ஒவ்வொரு மூலத்துக்கும் தனிவரிசை வைத்து, முறைக்கு ஒரு பொதி அனுப்புமாறு கூறினார். பெரிய பொதி அனுப்புபவனுக்கே அதிலும் ஆதாயம். 1989 இல் டெமெர்ஸ், கேசவ், ஷென்கர் ஆகியோர் இக்குறையைக் களைந்தனராயினும், ஒவ்வொரு பொதிக்கும் முடிவுநேரம் கணித்து வரிசைப்படுத்தும் அவர்களது முறை, வரிசைகள் பெருகப் பெருகச் சுமையாயிற்று.

சிறீதர்–வர்கீஸ் தீர்வு வியக்கத்தக்க எளிமையுடையது. ஒவ்வொரு வரிசைக்கும் முறைக்கு 1500 பைட்டு வழங்கப்படுகின்றது எனக் கொள்வோம். 1000 பைட்டுப் பொதியொன்று சென்றபின் எஞ்சும் 500, அடுத்த பொதிக்குப் போதாதெனின், வரவில் வைக்கப்படும். அடுத்த முறை 2000 பைட்டு அனுப்பலாம். (பற்றாக்குறை என்பதினும் நிலுவை என்பதே பொருத்தமான பெயர்.) ஒருமுறைப் பங்கு மிகப்பெரிய பொதியினும் குறையாதவரை, வரிசைகள் எத்தனையாயினும் பொதியொன்றுக்கான வேலை மாறுவதில்லை. தாமதத்தைக் கட்டுப்படுத்துவதில் முந்திய முறையிலும் இது பின்தங்கியதே. எனினும், ஏட்டளவில் நின்ற நியாயத்தை மலிவான பொறிக்குள் கொணர்ந்த சாதனையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும், பங்கு பெறுவது யார்? மனிதன் அல்லன், ‘ஓட்டம்’. பத்து இணைப்புகளைத் திறப்பவன் பத்துப் பங்கு பெறுகின்றான். எதனை ஓட்டமெனக் கொள்வது என்ற வினாவை முறைக்கு வெளியே விட்டதாலேயே கட்டுரை இத்துணை தெளிவு பெற்றது என்பது எமது கருத்து. 2007 இல் பொப் பிறிஸ்கோ இக்கோட்பாட்டைக் கடுமையாகச் சாடினார். அவர் நோய்கண்ட விதம் சரியானதே. ஆனால் ஒருவர் பிறர்க்கு விளைக்கும் நெரிசலின் செலவே அளவுகோல் என்னும்போது, நியாயம் பற்றிய வினாவை அவர் சந்தையிடமே ஒப்படைத்து விடுகின்றார். செலவைத் தாங்கவல்லவன் யார் என்று அவர் கேட்கவில்லை.

2018 இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட ‘கேக்’ என்னும் முறை, முதலில் கருவிகளிடையேயும் பின்னரே ஓட்டங்களிடையேயும் பங்கிட வல்லது. பத்து இணைப்பின் ஆதாயம் அங்கு அற்றுப்போகின்றது. ஒரே வீட்டில் மூன்று கருவிகள் வைத்திருப்பவரோ, ஒன்றே வைத்திருப்பவரினும் மும்மடங்கு பெறுகின்றார்.