நடுக்கோடு

இருபுள்ளிச் சிலந்திப்பேனில் பெண்ணே அரை மில்லிமீட்டர்தான். கோடையில் வெளிர்பச்சை உடல், இரு விலாவிலும் கருந்திட்டு. இரவுகள் நீளும் காலத்தில் வளரும் குஞ்சு, பெண்ணாக முதிரும்போது வேறு கோலம் கொள்கிறது. திட்டுகள் மறைந்து உடம்பெல்லாம் ஆரஞ்சு. தின்பதில்லை, முட்டையிடுவதில்லை. ஆணிடம் பெற்ற விந்தைச் சுமந்தபடி மரப்பட்டை இடுக்கில் ஒடுங்கி, வசந்தம் வரை கிடக்கிறது.

ஜப்பானின் குளிர்ந்த வடக்கில் இப்படி உறங்கும் பேன்கள் அதிகம். வெதுவெதுப்பான தெற்கே போகப் போகக் குறைவு. கோடைக்கோலத்தில் இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அதனால் அங்குள்ள ஆய்வாளர்கள் நொதிகளைப் பார்த்தார்கள். ஒரு பேனை நசுக்கி, அந்தச் சாற்றை ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வொரு நொதியும் தன் மின்னூட்டத்துக்கும் உருவுக்கும் ஏற்ற தூரம் நகர்கிறது. சாயம் ஏற்றியதும் எஸ்டரேஸ் என்ற நொதி நின்ற இடத்தில் கோடு எழுகிறது. அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து கண்ணால் காணும்படி ஒரு கோடு!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஆணும் பெண்ணும் காட்டும் வேறுபாடு. கருவுறாத முட்டையில் பிறக்கும் ஆணுக்குத் தாயின் மரபணுக்கள் மட்டுமே; ஒரு மரபணுவுக்கு ஒரே வடிவம், ஒரே கோடு. பெண்ணுக்குத் தாயிடம் ஒரு வடிவமும் தந்தையிடம் வேறொன்றும் வாய்த்தால், இரு துண்டுகள் இணைந்து இயங்கும் மாலேட் டிஹைட்ரஜினேஸ் போன்ற நொதி மூன்று கோடுகளாகப் பிரியும். ஓரத்தில் தாயுடையது, மறு ஓரத்தில் தந்தையுடையது, நடுவில் இருவர் துண்டும் கோத்தது. அந்த நடுக்கோடுதான் மூன்றிலும் அடர்த்தியானது.

இந்தக் கோடுகள் வம்சத்தை அடையாளம் காட்டும். உறக்கத்தின் காரணத்தைச் சொல்லிவிடா. அதற்கு அந்த ஆரஞ்சு நிறத்திடம் போகவேண்டும். பெரும்பாலான விலங்குகள் அந்நிறம் தரும் கரோட்டினாய்டுகளை உணவிலிருந்தே பெறுகின்றன. இந்தப் பேனின் மரபணுத் தொகுதியை 2011இல் முழுதாகப் படித்தபோது, அவற்றை உருவாக்கும் மரபணுக்களே அதற்குள் இருந்தன. என்றோ ஒரு காலத்தில் பூஞ்சையிடமிருந்து வந்து சேர்ந்தவை. அவற்றுள் ஃபைட்டோயீன் டிசாச்சுரேஸ் என்ற நொதிக்கான மரபணு பழுதானால் பேன் நிறமற்றுப் பிறக்கிறது. 2017இல் வெளியான ஆய்வு அடுத்ததையும் காட்டியது: நீண்ட இரவிலும் அந்த வெளிறிய பேனுக்கு உறக்கம் வருவதில்லை.